பல்லு மிஸ்ஸின் ஏறி இறங்கும் கதிரை

மேரிறோஸ் முதன்முதலாகக் கவனித்த நோயாளி மேரிறோஸேதான். ஊர்காவற்றுறையில், கடற்றொழில் செய்கிற தகப்பன் லியோனின் வீட்டு முற்றத்தில், அவள் மூன்றாம் ஆண்டு படிக்கிற காலத்தில் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அண்ணன் றொஜன் தகப்பனின் வலைச் சாமான்களுக்குள்ளிருந்து தங்கூசி நூலில் ஒரு துண்டை வெட்டி, ஒரு நுனியைத் தங்கையின் பல்லிலும் மறு நுனியை ஆட்டின் கழுத்திலும் கட்டினான். ஆட்டை விரட்டினால் அது ஓடுகிற ஓட்டத்தில் பல் வந்துவிடும் என்பது அவன் நினைப்பு. எவ்வளவு விரட்டியும் ஆடு ஓடவில்லை. மேரிறோஸ் முதுகுக்குப் பின்னால் பூவரசங்குழையை ஒளித்து வைத்திருந்தாள். ஆடு அவளை நோக்கியே வந்துகொண்டிருந்தது. றொஜன் ஆட்டோடு மல்லுக்கட்டிய நேரத்தில் அவள் நூலை அவிழ்த்து எறிந்தாள். பல்லைத் தானே இரண்டு விரலால் திருகி எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா, இதை ஆட்டுக்குக் கட்டிவிடு."

அந்தச் செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவ, பல் ஆடுகிற பிள்ளைகள் எல்லாரும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். கூலி, ஒரு பல்லுக்கு ஒரு தோடம்பழ இனிப்பு. வாங்கிய இனிப்பை நோயாளியின் கண் முன்னாலேயே வாயில் போட்டுச் சப்பிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாள். தொழில் நன்றாகத்தான் நடந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி படலையைத் தள்ளிக்கொண்டு வந்து தாய் அல்போன்சம்மாவிடம் முறையிடும்வரைக்கும்.

"அக்கா, உங்கடை பெட்டை என்ரை பிள்ளையின்ரை ஆடாத பல்லையும் எல்லே ஆட்டிப்போட்டாள்!"

அன்றைக்கு விழுந்த அடியோடு அந்தத் தொழில் நின்றது. குழப்படி நிற்கவில்லை.

பாடசாலையில் அவளுக்குக் கணிதம் படிப்பித்தவர் பாலசிங்கம் சேர். புங்குடுதீவுக்காரர். வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கம் விழ விடமாட்டார். வகுப்பில் ஒரு சத்தம் எழ விடமாட்டார். மேரிறோஸின் வாயோ ஓயாத வாய். அட்சரகணிதம் நடக்கும்போது பின்வாங்கில் யாராவது சிரித்தால், சேர் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்க்காமலேயே சொல்லுவார்: "மேரிறோஸ், வாயை மூடும்." அவள் வகுப்புக்கு வராத நாட்களிலும் பழக்கதோஷத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பார்கள்.

உயர்தரம் முடிந்ததும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பித்தாள். கிடைத்துவிட்டது. இரண்டு வருடம் மகரகமவில் பயிற்சி. சிங்களம் சுத்தமாகத் தெரியாது. முதலில் பாடமாக்கிய வசனம் "கட்ட அரின்ன". வாயைத் திறவுங்கள் என்று அர்த்தம். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே அவள் சந்தையில் மரக்கறி வாங்கினாள், பஸ்ஸில் இடம் பிடித்தாள் என்று விடுதித் தோழிகள் பின்னாளில் கதை கட்டினார்கள்.

அங்கே பிள்ளைகளின் வாயில் கை வைப்பதற்கு முன்பு மாதக்கணக்கில் பொம்மைத் தலைகளில் பழக வேண்டும். றப்பர்க் கன்னம், திருகாணி போட்டுப் பூட்டிய பற்கள், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. ஒவ்வொருத்தியும் தன் பொம்மைக்கு ஒரு பெயர் வைத்தாள். மேரிறோஸ் வைத்த பெயர் பாலசிங்கம். ஒவ்வொரு நாள் காலையிலும் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு அதனிடம் சொல்லுவாள்: "சேர், வாயைத் திறவுங்கோ."

பயிற்சி முடிந்து வந்தபோது, தீவுப் பாடசாலைகளில் பற்சிகிச்சை நிலையங்களைக் கூட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. புதிதாகத் திறந்த ஒன்று நெடுந்தீவில். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் வள்ளத்தில் போக வேண்டும். கடல் விடாவிட்டால் போகவும் ஏலாது, வரவும் ஏலாது. அதனால் வேறு யாரும் விரும்பிக் கேட்காத இடம். மேரிறோஸ் கேட்டு வாங்கினாள். கடலைக் காட்டி லியோனின் மகளைப் பயப்படுத்த முடியுமா?

பாடசாலை வாசலில் கடமையேற்கப் போய் நின்றவளுக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. பிரம்போடு எதிரே நின்றார் உப அதிபர். வெள்ளைச் சேட்டு, ஒரு சுருக்கம் இல்லை.

"மேரிறோஸ்? நீரோ?"

"ஓம் சேர். நான்தான்."

"வாய் இப்பவும் அப்பிடியேதானோ?"

"இப்ப மற்றவையின்ரை வாயைத் திறக்கிறதுக்குச் சம்பளம் தருகினம் சேர்."

பாலசிங்கம் சேர் சிரிக்கவில்லை. சாவியை நீட்டினார்.

விஞ்ஞானகூடத்துக்குப் பக்கத்தில், சாமான் போட்டு வைத்திருந்த அறையைத்தான் வெள்ளையடித்துக் கொடுத்திருந்தார்கள். நடுவில் புத்தம் புதிய பற்கதிரை. ஒரு மிதியை அழுத்தினால் மேலே ஏறும், இன்னொன்றை அழுத்தினால் கீழே இறங்கும். பின்பக்கம் சாய்ந்து கட்டில் மாதிரியும் ஆகும். எல்லாம் இருந்தது. பிள்ளைகள் மட்டும் இல்லை. முதல் வகுப்பை அழைத்த அன்றே, பாதிப் பேர் கல் மதிலேறிக் குதித்துப் பனங்கூடலுக்குள் மறைந்துவிட்டார்கள். மிச்சப் பேரைப் பாலசிங்கம் சேர் பிரம்போடு ஓட்டிக்கொண்டு வந்தார். அழுகை, மூக்குச்சளி, இறுக மூடிய வாய்கள். ஒருவன் கதிரையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று பார்க்க முடிந்த பற்கள் எல்லாம் அவள் கையில் கடித்த பற்கள்தான்.

"பிரம்பு இருக்கேக்கை நீர் ஏன் யோசிக்கிறீர்?" என்றார் சேர்.

"சேர், பிரம்பைக் கண்டால் வாய் மூடும். எனக்குத் திறக்கவேணும்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் மேரிறோஸ் இரண்டே நிமிடம் பேசக் கேட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேடையில் ஏறினாள்.

"பிள்ளையள், ஒரு கவலையான விசயம். பல்லுக் கதிரை புதுசு. ஏறி இறங்கிற கதிரை. எல்லாரும் ஏறினால் பழுதாப் போயிடும். அதாலை இனி நான் சொல்லுற ஆக்கள் மட்டும்தான் ஏறலாம். மற்ற ஆக்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. யன்னலாலை எட்டிப் பாக்கவும் கூடாது."

இடைவேளை மணி அடித்ததும் யன்னலில் தலைகள் முளைத்தன. மேரிறோஸ் யாரையும் பார்க்காதவள் போல, தானே கதிரையில் சாய்ந்து, காலை எட்டிப்போட்டு மிதியை அழுத்தி மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடியும் மேலே போனாள். கண்ணை மூடி அனுபவித்தாள். "மிஸ், ஒருக்கா..." என்று ஒரு குரல். "ஏலாது." "மிஸ், ஒரேயொருக்கா!" "உமக்குப் பல்லு மினுக்கின வாயோ? பொய் சொன்னால் கதிரை கண்டுபிடிக்கும்." அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பற்பசை மணம். கிழமை முடிவதற்குள் வாசலில் வரிசை. வரிசையில் இடத்துக்குச் சண்டை. ஊசி போடவேண்டி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பகிடியாகவே சொல்லிக் கொடுத்தாள்: மூக்கால் மூச்சு விட வேண்டும், கால் பெருவிரலை ஆட்ட வேண்டும். பெருவிரலை ஆட்டுவதில் கவனம் போனால் வாயில் நடப்பது பாதிதான் தெரியும். அழாமல் முடித்தவருக்கு நெஞ்சில் ஒட்டிக்கொள்ள ஒரு யானைப் படம்.

வரிசை தொல்லையாகவும் மாறியது. ஐந்தாம் ஆண்டு அனோஜினியின் பற்கள் முத்துப் போல. ஒரு குறையும் இல்லை. அதனால் அவளுக்குக் கதிரையில் ஏறும் முறை வருடத்துக்கு இரண்டு தடவைதான். ஒரு காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "மிஸ், சூத்தைப் பல்லு. சரியான நோ." வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல்லில் உண்மையாகவே ஒரு கறுப்பு. மேரிறோஸ் பஞ்சால் ஒருக்கால் துடைத்தாள். கறுப்புப் பஞ்சுக்கு வந்துவிட்டது. பேனை மை.

"எடியே, உன்ரை சூத்தை என்ன, அழியிற சூத்தையோ?"

அனோஜினி கொஞ்சமும் அசரவில்லை. "மிஸ் சுகமாக்கிட்டா!" என்றாள். தன் பழைய ஒழுங்கையில்கூட இப்படியொரு கெட்டிக்காரியை மேரிறோஸ் கண்டதில்லை. மிதியை அழுத்தி, மேலே மூன்று தரம் ஏற்றி இறக்கித்தான் அனுப்பினாள்.

பாலசிங்கம் சேருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "சேர்க்கஸ்" என்று ஆசிரியர் அறையில் சொன்னார். கணிதபாட நேரத்தில் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார். மேரிறோஸ் சண்டைக்குப் போகவில்லை. சேரின் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதிரைச் சவாரி இடைவேளையில் மட்டும்தான் என்று அறிவித்துவிட்டு இருந்தாள். அந்த வகுப்புப் பிள்ளைகள் சேரைப் பார்த்த பார்வை நல்லாயிருக்கவில்லை.

கார்த்திகை மழையோடு கடல் கெட்டது. வள்ளங்கள் நின்றன. அந்தக் கிழமைதான் சேர், கன்னத்தைச் சுற்றி லேஞ்சி கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். கன்னம் வீங்கியது கூகைக்கட்டால் என்று தானே ஒரு கதையைப் பரப்பினார். பிள்ளைகள் நம்பினார்கள். மேரிறோஸ் நம்பவில்லை. ஆசிரியர் அறையில் சேர் தேத்தண்ணியை இடப்பக்கமாக மட்டும் உறிஞ்சுவதை, பலகாரத் தட்டை ஏக்கத்தோடு தள்ளி வைப்பதை, அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர், கூகைக்கட்டு எண்டால் தொத்தும். பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது. சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவோ?"

சேர் அவளை முறைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, மிகவும் மெல்லிய குரலில், "பிள்ளை, பல்லுத்தான்" என்றார். 'நீர்' போய் 'பிள்ளை' வந்ததிலிருந்தே நோவின் அளவு அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியும் சேர். ஆனால் நான் சின்னப் பிள்ளையளுக்கு மட்டும்தான் செய்யலாம். உங்களுக்குப் பதின்மூண்டு வயசு தாண்டியிருக்குமெண்டு நினைக்கிறன்."

"உந்தப் பகிடி இப்ப வேண்டாம்."

"பகிடியில்லை சேர், சட்டம்."

விளையாட்டு அவ்வளவோடு நின்றது. அவளே குடையைப் பிடித்துக்கொண்டு அவரை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வைத்தியர் வீக்கத்துக்கும் நோவுக்கும் மருந்து கொடுத்தார். பல்லைப் பிடுங்குவதற்கு, பல் வைத்தியர் தயாபரன் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்தாக வேண்டும். பற்கதிரை இருந்ததும் பாடசாலையில் மட்டும்தான். சேர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாள். யாருக்கும் தெரியக்கூடாது. மேரிறோஸ் தொலைபேசியில் அப்படியே ஒழுங்கு செய்தாள்.

சனிக்கிழமை கடல் விடவில்லை. ஞாயிறும் விடவில்லை. திங்கட்கிழமை வெயில் எறித்தது. தயாபரன் டொக்டர் முதல் வள்ளத்தில் வந்து இறங்கி, பேசி வைத்தபடி பாடசாலை நிலையத்துக்கு நேரே வந்தார். சரியாக இடைவேளை மணி அடித்தது. லேஞ்சியோடு பல்லு மிஸ்ஸின் அறைக்குள் நுழைகிற உப அதிபரைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கண்டது. அரை நிமிடத்தில் யன்னல் நிறைந்துவிட்டது. அனோஜினி எல்லாருக்கும் முன்னால், கம்பியைப் பிடித்தபடி.

பொம்மைத் தலைக்கு முன்னால் நின்ற நாட்கள் மேரிறோஸின் நினைவுக்கு வராமல் இருக்குமா? வந்தது. சிரிப்பும் வந்தது. முகமூடி நல்லதாகப் போயிற்று. ஆனால் கதிரையின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்திருந்த சேரின் விரல்கள் வெளுத்துப் போயிருப்பதைக் கண்டதும், சிரிப்பு நின்றது. குனிந்து அவர் காதோடு கேட்டாள்.

"சேர், யன்னலைச் சாத்தட்டோ?"

சேர் யன்னலைப் பார்த்தார். இத்தனை கண்களும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தன் பிரம்பால் இந்தக் கதிரைக்கு ஓட்டி வந்தவர் அல்லவா அவர்?

"வேண்டாம்," என்றார். "பாக்கட்டும்."

மேரிறோஸ் மிதியை அழுத்தினாள். உப அதிபர் மெல்ல மேலே எழுந்தார். யன்னலிலிருந்து ஒரு பெருமூச்சு. "சேர், வாயைத் திறவுங்கோ," என்றாள் மேரிறோஸ். இந்தத் தடவை குரலில் குறும்பு இல்லை. டொக்டர் ஊசியை எடுத்ததுதான் தாமதம், சேரின் கால்கள் விறைத்தன.

"சேர், மூக்காலை மூச்சு விடுங்கோ!" யன்னலில் இருந்து அனோஜினி கத்தினாள். "கால் பெருவிரலை ஆட்டுங்கோ!"

"ஆட்டுங்கோ சேர்! ஆட்டுங்கோ!" என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பளபளக்கத் துடைத்த செருப்புக்கு மேலே, பாலசிங்கம் சேரின் பெருவிரல் ஆடத் தொடங்கியது. முதலில் வலதுகால். பிறகு இடதும். கடைசியில் பத்து விரல்களும். பல் வந்த பிறகும் அவை நிற்கவில்லை. தயாபரன் டொக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பஞ்சைக் கடித்தபடி சேர் எழும்பினார். மேரிறோஸ் வழக்கத்தை மாற்றவில்லை. யானைப் படத்தை உரித்து, சுருக்கமில்லாத வெள்ளைச் சேட்டில் ஒட்டிவிட்டாள். அதைப் பிய்த்து எறிவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதோடேயே ஒன்பதாம் ஆண்டு வகுப்புக்குப் போய், பஞ்சுக்குள்ளால் ஒரு சொல்லும் பேச முடியாமல், பைதகரசின் தேற்றத்தைக் கையால் விளங்கப்படுத்தினார். அன்றைக்குத்தான் அது தங்களுக்கு உண்மையாக விளங்கியது என்று அந்த வகுப்புப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

அடுத்த வருடம் வலயக் கல்விக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் அவர்தான். மற்றத் தீவுகளில் கதிரை இல்லாத சின்னப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் பல்லு நோவோடுதான் கணக்குப் படிக்கிறார்கள் என்றும், பல்லு நோவோடு தானே கணக்குப் படிப்பித்துப் பார்த்ததாகவும், இரண்டும் சரிவராது என்றும் சொன்னார். சபை சிரித்தது. இப்படிப் பலரும் பல இடத்தில் கேட்டுக் கேட்டு, கடைசியில் மடித்துத் தூக்கிப் போகக்கூடிய பற்கதிரை ஒன்று மேரிறோஸின் பொறுப்பில் வந்தது. கூடவே, பயிற்சி முடிந்து வருகிற புதியவர்களை அவளோடு சில கிழமை விட்டுப் பழக்குவது என்றும் முடிவாயிற்று.

முதலில் வந்தவள் காரைநகர்ப் பிரியவதனி. தன் பயிற்சித் தொகுதியிலேயே அதிக புள்ளி எடுத்தவள். கை அவ்வளவு சுத்தம். ஆனால் பிள்ளைகளைக் கண்டால் நடுக்கம்.

"அக்கா, பொம்மைத் தலை அழாது. இதுகள் அழுதுகள்."

"நீர் கதிரையிலை இரும்," என்றாள் மேரிறோஸ். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, கையில் கண்ணாடியைக் கொடுத்தாள். "பிள்ளையள், இண்டைக்கு நீங்கள்தான் பல்லு மிஸ். புது மிஸ்ஸின்ரை வாயைப் பாருங்கோ."

வரிசையாக வந்து பார்த்தார்கள். நாலாவதாக வந்த சிறுமி வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னாள்: "மேலை, பின்னுக்கு, சூத்தை இருக்கு." மேரிறோஸ் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். உண்மையாகவே இருந்தது. அதிக புள்ளி எடுத்தவளின் கடைவாயில், கடுகளவு. வகுப்பே துள்ளியது. பிரியவதனி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் நடுக்கமும் போய்விட்டது.

போன ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இருவரும் மடிப்புக் கதிரையோடு நயினாதீவுப் பாடசாலைக்குப் புறப்பட்டார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில், அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் வள்ளம் நிறைய. "உதென்ன சாமான்?" என்று வள்ளத்துக்காரர் கேட்க, வள்ளத்துக்குள்ளேயே விரித்துக் காட்டினார்கள். மடிப்பதற்கு முன்பே, அர்ச்சனைத் தட்டோடு வந்த மீனாம்பிகை என்கிற பருத்த அம்மா அதில் அமர்ந்து, சாய்ந்து, காலையும் நீட்டிவிட்டார்.

"அம்மா, இது பள்ளிக்கூடத்துச் சாமான்," என்றாள் மேரிறோஸ்.

"வள்ளத்திலை போட்ட கதிரை எல்லாருக்கும் பொதுதானே பிள்ளை. எனக்குக் கால் ஏலாது."

பிரியவதனி பையிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டினாள். கையுறையை நிதானமாக இழுத்துப் போட்டாள். மீனாம்பிகையின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"இருங்கோ அம்மா. ஆனால் இதிலை இருக்கிற ஆக்கள் வாய் காட்டவேணும். அதுதான் இதின்ரை ஒழுங்கு."

துள்ளி எழும்புவார் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். மீனாம்பிகை தட்டைப் பக்கத்திலிருந்தவரின் மடியில் வைத்துவிட்டு, ஆவென்று திறந்தார்.

"நல்லாப் பார் பிள்ளை. இஞ்சாலைப் பக்கம் ஒண்டு கன நாளாக் கூசுது."

பிரியவதனிக்கு வேறு வழியில்லை. கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். எந்தப் பல், எந்த ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னாள். அதற்குள் பின்னால் இன்னொருவர் வாயைத் திறந்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். புதிதாகக் கலியாணம் கட்டிய சோடி ஒன்று ஒருவரையொருவர் முன்னுக்குத் தள்ளியது. மேரிறோஸ் எழும்பி வரிசையை ஒழுங்குபடுத்தப் பார்த்தாள். யாரும் அவளைக் கணக்கில் எடுக்கவில்லை. முகமூடி போட்டவள்தான் பெரிய டொக்டர் என்று சனம் முடிவுகட்டிவிட்டது.

"அக்கா, காப்பாத்துங்கோ," என்றாள் பிரியவதனி, முகமூடிக்குள்ளால்.

"நீர் துவங்கினது. நீரே முடியும்," என்றாள் மேரிறோஸ், கச்சான் கடலையைக் கொறித்தபடி.

வள்ளம் சரிந்தது. "எல்லாரும் ஒரு பக்கம் போகாதேங்கோ!" என்று சுக்கானைப் பிடித்திருந்தவர் கத்தினார். ஒருவரும் கேட்பதாயில்லை. நயினாதீவு வந்தது. கயிற்றைக் கட்டினார்கள். "இறங்குங்கோ, இறங்குங்கோ, திரும்பிப் போற ஆக்கள் நிக்கினம்!" கோயில் மணி கேட்கிறது, வாயைத் திறந்த சனம் இறங்கவில்லை. கடைசியில் சுக்கான்காரரே எழுந்து, கோபத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். கதிரை முன்னால் நின்று இடுப்பில் கையை வைத்தார். பிரியவதனியை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார், குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கீழ்வரிசையிலை ஒண்டு..."